ஒரே கிளிக், எண்பதாயிரம் நெகட்டிவ்: பிட்ஸ்பர்க்கின் டீனி ஹாரிஸ்

1963 ஜனவரியில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்ல்டன் ஹவுஸ் என்ற ஹோட்டலின் அறை. சார்லி பவல் என்பவரோடு மோத ஊருக்கு வந்திருந்த காசியஸ் கிளே, அதாவது பின்னாளில் முகம்மது அலி ஆனவர், தன் அம்மா ஒடெஸாவை அப்படியே இரு கைகளிலும் அள்ளித் தூக்கியபடி நிற்கிறார். குத்துச்சண்டை வீரரின் படம் என்றால் முறுக்கிய முஷ்டியும் முறைப்பும்தான் வழக்கம். இதிலோ அம்மாவிடம் செல்லம் கொஞ்சும் பிள்ளை ஒருவன்தான் தெரிகிறான்.

அந்த அறையில் கேமராவோடு இருந்தவர் சார்ல்ஸ் ஹாரிஸ். ஊரில் எல்லோருக்கும் அவர் டீனி. 1908இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார், 1998இல் அதே ஊரில் இறந்தார், நடுவில் சுமார் நாற்பது வருடம் அந்த ஊர்க் கறுப்பின மக்களைப் படம் பிடித்தார். பெரும்பகுதி காலம் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வாரப் பத்திரிகைக்காக. விட்டுச் சென்றது ஏறக்குறைய 80,000 நெகட்டிவ். ஒரு நகரத்துக் கறுப்பின வாழ்க்கையை இவ்வளவு விரிவாக, இத்தனை வருடம் விடாமல் ஒரே ஆள் பதிவு செய்தது அமெரிக்காவிலேயே அபூர்வம்.

அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் பிரபலங்களின் பெயர் வரிசையோடு தொடங்கும்: அலி, லீனா ஹார்ன், டியூக் எலிங்டன், லூயி ஆம்ஸ்ட்ராங், ஜாக்கி ராபின்சன், மார்ட்டின் லூதர் கிங், கென்னடி. எல்லோரையும் எடுத்திருக்கிறார், உண்மைதான். ஆனால் அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள இந்தப் பெயர்கள் அவ்வளவாக உதவாது. அவர் எந்தப் பேட்டையில் வாழ்ந்தார், எந்தப் பத்திரிகைக்கு வேலை பார்த்தார், ஒரு படத்துக்கு எத்தனை ஃபிளாஷ் பல்பு செலவழித்தார், கடைசியாக அந்த நெகட்டிவ்கள் யார் கையில் இருந்தன என்ற நான்கு விஷயங்களைப் பார்த்தால்தான் அந்த 80,000 ஏன் எடுக்கப்பட்டது, எப்படித் தப்பியது என்பது விளங்கும். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம் என்பேன்.

முதலில் பேட்டை. பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் ஊர். நகர மையத்துக்குக் கிழக்கே ஏறுகிற மேட்டுப் பகுதிக்கு ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். யூதர்கள், இத்தாலியர்கள், சிரியாவிலிருந்து வந்தவர்கள் என்று பலரும் குடியேறிய இடம்தான். முதல் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் கொடுமையிலிருந்து விலகி, ஆலை வேலை தேடி, கறுப்பின மக்கள் அலை அலையாக வடக்கே வந்தபோது அங்கேதான் அவர்களுக்கு வீடு கிடைத்தது. வேறு இடங்களில் கிடைக்கவில்லை. நெரிசல், பழைய வீடுகள், புகை எல்லாம் உண்டு. கூடவே கடைகள், சர்ச்சுகள், சலூன்கள், சாப்பாட்டுக் கடைகள், வைலி அவென்யூ நெடுக ஜாஸ் கிளப்புகள். நகர மையத்தில் இருந்த ஸ்டான்லி தியேட்டரில் எலிங்டன் வாசிக்கலாம், ஆனால் அங்கிருந்த ஹோட்டல்கள் பலவற்றில் ஒரு கறுப்பினத்தவருக்கு அறை கிடைக்காது. ஆகவே கச்சேரி முடிந்ததும் கலைஞர்கள் ஹில்லுக்கு ஏறி வருவார்கள். அங்கே தூங்குவார்கள், சாப்பிடுவார்கள், விடிய விடிய வாசிப்பார்கள்.

இங்கேதான் ஹாரிஸின் வீட்டுக் கதை சேர்கிறது. அவருடைய பெற்றோர் ஹில்லில் ஒரு ஹோட்டல் நடத்தினார்கள். அண்ணன் வில்லியம், ஊரார் சொல்கிறபடி வூகி ஹாரிஸ், கஸ் கிரீன்லீ என்பவரோடு சேர்ந்து 'நம்பர்ஸ்' நடத்தியவர். மூன்று இலக்க எண் ஒன்றின் மேல் சில்லறைக் காசு கட்டுகிற சட்டவிரோத லாட்டரி அது. சட்டப்படி குற்றம்தான். ஆனால் வங்கிகள் கறுப்பினத்தவருக்குக் கடன் தராத காலத்தில் அந்தப் பேட்டைக்குள் முதலீடாகப் புழங்கிய பணத்தில் கணிசமான பங்கு அதிலிருந்து வந்தது. கிரீன்லீ அதில் சம்பாதித்து கிராஃபர்ட் கிரில் என்ற கிளப்பை நடத்தினார், 1932இல் சொந்தமாக ஒரு பேஸ்பால் மைதானமே கட்டினார். அங்கே ஆடிய பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணியில் சாச்சல் பேஜ், ஜாஷ் கிப்சன் போன்றவர்கள் இருந்தார்கள். வெள்ளையர் லீக்கில் இடம் மறுக்கப்பட்ட மேதைகள். அந்த அணி வெறும் பேட்டைப் பையன்களின் அணியாக 1920களில் தொடங்கியபோது தொடங்கியவர்களில் ஒருவர் நம் டீனி. அவரும் ஆடியவர்தான். வூகிக்கு ஹோம்வுட் பகுதியில் இருந்த பெரிய வீட்டில்தான் மேரி கார்ட்வெல் டாசன் 1941இல் தொடங்கிய தேசிய நீக்ரோ ஆப்பெரா கம்பெனி என்ற இசை நாடகக் குழு இயங்கியது.

ஆக, டீனி ஹாரிஸ் கேமரா வாங்கியபோது (அண்ணன் பண உதவியோடுதான் வாங்கினார்) அவருக்குப் புதிதாக யாரையும் அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாடகர், பந்தாட்டக்காரர், சலூன்காரர், பாதிரியார், சூதாட்டக்காரர், எல்லோர் வீட்டுக் கதவும் அவருக்குத் திறந்திருந்தது. நல்ல சூட்டும் பெரிய காருமாக ஊரைச் சுற்றுகிற, எல்லோருக்கும் தெரிந்த ஆள். 1930களில் ஃபிளாஷ் என்ற கறுப்பினப் படப் பத்திரிகைக்கு எடுத்தார். சென்டர் அவென்யூவில் சொந்தமாக ஸ்டுடியோ போட்டார். கூரியருக்கு அவ்வப்போது படம் கொடுத்துக்கொண்டிருந்தவர் 1940களின் தொடக்கத்தில் அதன் ஊழியரானார்.

அப்புறம் அந்தப் பத்திரிகை. கூரியரைச் சும்மா ஒரு உள்ளூர்ப் பத்திரிகை என்று நினைத்தால் முழுக் கதையும் சரிந்துவிடும். 1907இல் தொடங்கி, ராபர்ட் வான் என்ற வழக்கறிஞரின் ஆசிரியத்துவத்தில் வளர்ந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உச்சத்தில் வாரத்துக்கு மூன்றரை லட்சம் பிரதி அளவுக்கு விற்றது. ஊர் ஊராகப் பதிப்புகள். தெற்கு மாநிலங்களில் சில இடங்களில் இதை வெளிப்படையாக விற்பதே ஆபத்து என்பதால் ரயிலில் வேலை பார்த்த கறுப்பின போர்ட்டர்கள் கட்டுக்கட்டாக எடுத்துப்போய்ச் சேர்த்தார்கள். 1942 பிப்ரவரியில் 'டபுள் வி' பிரசாரத்தைத் தொடங்கியது இந்தப் பத்திரிகைதான். அதற்கு முந்தைய வாரம் கான்சஸ் மாநிலத்து விசிட்டா நகரிலிருந்து ஜேம்ஸ் தாம்சன் என்ற இளைஞர் எழுதிய வாசகர் கடிதம் வெளிவந்திருந்தது: வெளிநாட்டுப் பகைவர் மேல் ஒரு வெற்றி வேண்டும், உள்நாட்டில் நம்மை ஒடுக்குகிறவர் மேல் இன்னொரு வெற்றி வேண்டும் என்ற கருத்தோடு. அதைப் பிடித்துக்கொண்டது கூரியர். பேஸ்பாலில் நிறத்தடையை உடைக்க வருடக்கணக்கில் எழுதியதும் அதுவே. பின்னால் அந்தத் தடையை உடைத்த ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனை, வெள்ளையர் லீக்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கியிடம் சிபாரிசு செய்தவர் கூரியரின் விளையாட்டு நிருபர் வெண்டல் ஸ்மித்தான்.

சரி, இதில் புகைப்படக்காரருக்கு என்ன வேலை? அந்தக் காலத்து வெள்ளையர் தினசரிகளைப் புரட்டினால் ஒரு கறுப்பினத்தவர் படம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் குற்றச் செய்தி, இல்லையென்றால் விளையாட்டு. கல்யாணம் செய்துகொள்கிற, பட்டம் வாங்குகிற, கடை திறக்கிற, பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற கறுப்பினத்தவர் அந்தப் பக்கங்களில் இல்லவே இல்லை. நியூயார்க் டைம்ஸ் தன் முதல் கறுப்பினப் புகைப்படக்காரரான டான் ஹோகன் சார்ல்ஸை ஊழியராக எடுத்தது 1964இல்தான். அப்போது ஹாரிஸ் கூரியரில் இருபது வருடத்தைத் தாண்டியிருந்தார். ஆகவே கூரியரில் வெளிவந்த ஒரு சர்ச் பாடகர் குழுவின் படத்தைச் சாதாரண நிகழ்ச்சிப் படம் என்று தள்ளிவிட முடியாது. "நாங்கள் இப்படித்தான் வாழ்கிறோம்" என்று வாரா வாரம் அச்சில் போட்டுக் காட்டுகிற வேலை அது, அதுவும் முதலில் தங்களுக்கே காட்டிக்கொள்கிற வேலை. படத்தில் நிற்பவர்கள் கேமராவைப் பார்க்கிற விதத்திலேயே அது தெரியும். அவர்கள் நன்றாக உடுத்தி, நிமிர்ந்து, நேராகப் பார்க்கிறார்கள், ஏனென்றால் இந்த ஆள் தங்களைக் கேவலப்படுத்த வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி அந்த ஃபிளாஷ் பல்பு விஷயம். ஹாரிஸ் பயன்படுத்தியது ஸ்பீட் கிராஃபிக். அந்தக் காலத்துப் பிரஸ் போட்டோகிராபர் எல்லோர் கையிலும் இருந்த கனமான பெட்டிக் கேமரா. ரோல் கிடையாது. நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிம் தாள், ஒரு ஹோல்டரில் முன்னும் பின்னுமாக இரண்டே இரண்டு. ஒரு படம் எடுத்தால் மறைப்புத் தகட்டைச் செருக வேண்டும், ஹோல்டரைத் திருப்ப வேண்டும், மறுபடி உருவ வேண்டும். ஃபிளாஷ் பல்பு ஒரு முறை வெடித்தால் அத்தோடு சரி, சுடச்சுடக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் காசு. வசதியான தினசரிகளின் ஆட்கள் ஒரே நிகழ்ச்சிக்கு ஐந்தாறு பல்பு போடுவார்கள். ஹாரிஸ் வருவார், ஆட்களை நிறுத்துவார், ஒன்றே ஒன்று எடுப்பார், கிளம்பிவிடுவார். அடுத்த நிகழ்ச்சி, அதற்கடுத்தது. 1946 முதல் 1959 வரை மேயராக இருந்த டேவிட் லாரன்ஸ் இதைப் பார்த்துத்தான் அவருக்கு 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர் வைத்தார்.

இதை ஒரு சாமர்த்தியக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. கறுப்பினப் பத்திரிகையின் பொருளாதார நெருக்கடி அப்படியே ஒரு புகைப்படப் பாணியாக உருவெடுத்திருப்பதை இங்கே பார்க்கலாம். இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்றால் கிளிக் செய்வதற்கு முன்பே சட்டகம் முழுக்க யோசிக்கப்பட்டிருக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்த முகத்தில் விழுகிறது, பின்னால் கடைப் பலகை தெரிகிறதா, யார் கண்ணை மூடப் போகிறார் என்பது வரை. அவருடைய கூட்டப் படங்களில் இருபது பேர் இருந்தாலும் இருபது முகமும் தனித்தனியாகத் தெரியும், ஒருவரும் மற்றவர் தோளுக்குப் பின்னால் தொலைந்துபோக மாட்டார். பத்திரிகைக்கு அது தேவைகூட, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குடும்பம் பிரதி வாங்கும். அந்த வணிகக் கணக்கும் அந்த மனிதர்கள் மேல் அவருக்கு இருந்த மரியாதையும் ஒரே சட்டகத்தில் சேர்ந்துவிட்டன.

இங்கே ஒரு ஒப்பீடு உதவும். 1955இல் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்களில் ஒருவரான யூஜின் ஸ்மித் இதே பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். மூன்று வாரத்தில் நூறு படம் என்பது ஒப்பந்தம். ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது. கிளம்ப மனமில்லாமல் தங்கி பத்தாயிரத்துக்கும் மேல் எடுத்துத் தள்ளினார், அதை முடிக்க முடியாமல் தவித்தார். அபாரமான படங்கள், சந்தேகமே இல்லை: உருகிய எஃகின் ஒளி ஒரு தொழிலாளியின் கண்ணாடியில் விழுவது, செங்குத்தான தெருக்கள், புகை. ஆனால் அவர் ஊரின் மனநிலையைத் தேடி வந்த விருந்தாளி. அதே வருடம் அதே ஊரில் ஹாரிஸ் எடுத்தது அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானத்தை. அந்தப் பிள்ளை பள்ளி முடிப்பதையும், கல்யாணம் செய்வதையும் எடுக்க அவர் அங்கேயே இருந்தார். புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் வெகுகாலம் முதலாமவரைத்தான் கலைஞர் என்று கொண்டாடினார்கள், இரண்டாமவரை உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் என்று கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தத் தரவரிசை தவறு என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் சீக்கிரமே அந்தப் பேட்டையில் பாதி இல்லாமல் போனது. 1956இல் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் கீழ் ஹில் பகுதியை இடிக்கத் தொடங்கினார்கள். சுமார் 95 ஏக்கர், சுமார் 1,300 கட்டடங்கள், வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 8,000 பேர், போன கடைகளும் தொழில்களும் 400க்கு மேல். சர்ச்சுகளும் போயின. அந்த இடத்தில் 1961இல் சிவிக் அரீனா என்ற பெரிய குவிமாட அரங்கம் எழுந்தது. கூரை திறந்து மூடும். ஒளிமயமான கலாச்சார மையம் வரும் என்றார்கள், மிச்சம் பெரும்பாலும் கார் நிறுத்துமிடம்தான் வந்தது. இந்தத் திட்டத்தை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் அதே மேயர் லாரன்ஸ், 'ஒன் ஷாட்' என்று பெயர் வைத்தவர். ஆரம்பத்தில் ஹில்லிலேயே பலர் புது வீடு கிடைக்கும் என்று நம்பி ஆதரித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வீடுகள் வாக்குப்படி வரவில்லை.

ஹாரிஸ் இடிப்பையும் எடுத்தார், அதற்குப் பிறகான கோபத்தையும் எடுத்தார். 1960களில் கிராஃபர்ட் தெருவும் சென்டர் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் மக்கள் ஒரு பெரிய பலகை வைத்தார்கள்: இந்த இடத்தைத் தாண்டி எந்த மறுகட்டமைப்பும் கூடாது, எங்களுக்குக் குறைந்த வருமானத்தினருக்கான வீடுகள் வேண்டும் என்று நகர நிர்வாகத்துக்கு நேரடி எச்சரிக்கை. அந்தப் பலகையின் படம் அவருடையது. 1968 ஏப்ரலில் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்து ஹில் எரிந்தபோது அங்கே துப்பாக்கியோடு நின்ற தேசியக் காவல் படையினரும் அவர் நெகட்டிவில் இருக்கிறார்கள்.

கூரியரும் அதற்குள் தேய்ந்துவிட்டது. இது வருத்தமான ஒரு முரண். இனப் பிரிவினையை எதிர்த்து அது நடத்திய போராட்டம் ஜெயிக்க ஜெயிக்க, கறுப்பின பேஸ்பால் லீக்குகள் ஆட்களை இழந்து மூடின, கறுப்பினப் பத்திரிகைகளின் நிருபர்களையும் வாசகர்களையும் பெரிய தினசரிகள் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டன. 1966இல் சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகையின் ஜான் செங்ஸ்டாக் கூரியரை வாங்கி நியூ பிட்ஸ்பர்க் கூரியர் ஆக்கினார். ஹாரிஸ் 1975 வரை அங்கே வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இப்போது நெகட்டிவுக்கு வருவோம். பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு நேர்கிற பொதுவான விதி என்ன? எடுத்த படம் நிறுவனத்தின் சொத்து, நிறுவனம் கைமாறும், இடம் மாறும், அலமாரி நிரம்பும், ஒரு நாள் மொத்தமாகக் குப்பைக்குப் போகும். ஹாரிஸ் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. பத்திரிகைக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார், நெகட்டிவ்கள் அவரிடமே தங்கின. பெட்டி பெட்டியாக, ஹோம்வுட் வீட்டின் நிலவறையில். கூரியர் கைமாறியபோதும் அவை அவரோடே இருந்தன. நமக்கு இன்று அந்த 80,000 கிடைத்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான், வேறெதுவும் இல்லை.

ஆனால் அந்தக் காரணமும் கிட்டத்தட்ட அழிந்தது. 1986இல், எழுபத்தெட்டு வயதில், உள்ளூர்க்காரர் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டு நெகட்டிவ்களை ஒப்படைத்தார். கைக்கு 3,000 டாலர், பின்னால் விற்பனையில் ராயல்டி பங்கு என்று பேச்சு. ஒரு படத்துக்கு நாலு சென்ட் கூட வரவில்லை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ராயல்டி தனக்கு வரவில்லை என்றும் நெகட்டிவ்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் 1998இல் வழக்குப் போட்டார். அந்த ஜூன் மாதமே, தொண்ணூறைத் தொட மூன்று வாரம் இருக்கும்போது இறந்துபோனார். குடும்பம் வழக்கை விடவில்லை. தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது, நெகட்டிவ்கள் திரும்பி வந்தன, 2001இல் பிட்ஸ்பர்க்கின் கார்னகி கலை அருங்காட்சியகம் மொத்தத்தையும் குடும்பத்திடமிருந்து வாங்கியது. அந்த அருங்காட்சியகம் ஹில்லிலிருந்து அதிக தூரமில்லை, ஹாரிஸ் பிறப்பதற்கு முன்பே, 1895இலேயே தொடங்கியது. நாற்பது வருடம் அதே ஊர்த் தெருக்களில் வேலை செய்த ஒருவரின் படங்கள் அதற்குள் போய்ச் சேர அவர் சாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. நெகட்டிவ்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேதி இல்லை, பெயர் இல்லை. ஹாரிஸுக்கு எல்லோரையும் தெரியும், எழுதி வைக்க வேண்டியதில்லை. பத்திரிகை மட்டும்தான் பெயர் போட்டது, அதுவும் அச்சான படங்களுக்கு மட்டும். ஆகவே காப்பகத்தார் இரண்டு வழியில் போனார்கள். பழைய கூரியர் பக்கங்களை மைக்ரோஃபிலிமில் ஓட்டி, அச்சான படத்தையும் தலைப்பையும் நெகட்டிவோடு பொருத்திப் பார்ப்பது ஒன்று. மற்றது ஊராரிடமே கேட்பது. படங்களை ஆல்பங்களாகப் போட்டுப் பொதுமக்கள் முன்னால் வைத்தார்கள், இது யார், இது எந்தத் தெரு, இந்தக் கடை எந்த வருடம் மூடியது என்று கேட்டார்கள். வயதானவர்கள் வந்து தங்கள் அத்தையை, பள்ளி ஆசிரியரை, இடிபட்ட தங்கள் வீட்டு வாசற்படியை அடையாளம் காட்டினார்கள், அவர்கள் சொன்ன கதைகளையும் ஒலிப்பதிவு செய்தார்கள். இந்த வேலையில் பல வருடமாக ஈடுபட்ட சார்லீன் ஃபாகி-பார்னெட் சிறுமியாக இருந்தபோது ஹாரிஸின் கேமராவுக்கு முன்னால் நின்றவர். 2011இல் அருங்காட்சியகம் ஏறக்குறைய ஆயிரம் படங்களோடு பெரிய கண்காட்சி வைத்தபோது, அந்தப் படங்களின் விவரக் குறிப்புகளில் ஊராரின் நினைவுக்குப் பெரிய பங்கு இருந்தது.

அதே 2011இல் சிவிக் அரீனாவை இடிக்கத் தொடங்கினார்கள். ஒரு பேட்டையைத் தின்ற கட்டடம் ஐம்பதே வருடம் நின்றது. காலியான அந்த இடத்தில் என்ன வர வேண்டும், அதில் ஹில் மக்களுக்கு என்ன பங்கு என்று பேசுகிறவர்களுக்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்பதைக் காட்ட ஹாரிஸ் எடுத்த படங்கள் கைவசம் இருக்கின்றன. 'சீரழிந்த பகுதி' என்று அரசாங்கக் காகிதத்தில் இருந்த இடத்தில் எந்தக் கடைக்கு என்ன பலகை, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பெண் என்ன தொப்பி போட்டுப் போனாள் என்பதுவரை தெரிகிறது.

கார்னகி அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் பல பத்தாயிரம் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போனால் பிரபலங்களின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், வைலி அவென்யூ என்று தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, நடுவில் நிற்கிறவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: விலைப் பட்டியல், சினிமா போஸ்டர், ஜன்னலில் எட்டிப் பார்க்கிற பிள்ளை. பெயர் தெரியாத முகங்கள் இன்னமும் ஏராளம்.